நன்றி சொன்னால் வாயை மூட வேண்டுமா?

வாசகர் கேள்விகளுக்கு மாஸ்டரின் பதில்கள்

கேள்வி: மாஸ்டர், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அரைப்பேர் (கொழுந்து குறைந்தால் பாதி நாள் சம்பளம்) பிரச்சினைக்காக ஒரு நாள் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறாமல், காலையில் பேர் கொடுக்கிற பிரட்டுக்களத்திலேயே உட்கார்ந்துவிட்டோம். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் போதகர், வனாந்தரத்தில் இஸ்ரவேலர் முறுமுறுத்த கதையை எடுத்து, "கிடைத்ததற்கு நன்றி சொல்லத் தெரியாதவனுக்கு இன்னும் கேட்க எப்படி வாய் வரும்?" என்றார். எங்களைத்தான் சொன்னார் என்று எல்லாருக்கும் விளங்கியது. சம்பளம் கூட்டிக் கேட்பது முறுமுறுப்பா? நாங்கள் நன்றி கெட்டவர்களா?
– ஒரு சகோதரி, பொகவந்தலாவை

பதில்: தங்கச்சி, உங்கள் போதகர் கதையை நடுவில் இருந்து தொடங்கிவிட்டார். வனாந்தரத்துக்கு முன்னால் எகிப்து இருக்கிறது. யாத்திராகமம் 5ஆம் அதிகாரத்தை இன்றைக்கு ராத்திரி வீட்டில் சத்தமாக வாசித்துப் பாருங்கள். பார்வோன் செங்கல் அறுக்கிற ஜனங்களுக்கு வைக்கோல் கொடுப்பதை நிறுத்துகிறான், வைக்கோலை நீங்களே போய்ப் பொறுக்கிக்கொள்ளுங்கள் என்கிறான், ஆனால் நாள் ஒன்றுக்கு முன்பு அறுத்த கணக்கில் ஒரு கல்கூடக் குறையக் கூடாது என்கிறான். கூடை தூக்கிய யாருக்கும் இந்த வசனத்துக்கு வியாக்கியானம் வேண்டாம். 2021இல் இரசாயன உரத்தைத் திடீரென்று நிறுத்தினார்களே, அந்த வருஷம் செடி எப்படி நின்றது என்று உங்களுக்குத் தெரியும். உரம் போடாத செடி, புல் வெட்டாத மலை, காலில் அட்டை, தலைக்கு மேலே எந்தக் கிளையில் குளவிக்கூடு இருக்கிறதோ என்ற பயம், இதற்கு நடுவே பதினெட்டுக் கிலோ கொழுந்தை எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம் என்றால் அது வைக்கோல் இல்லாமல் செங்கல் அறுக்கிற வேலைதான்.

ஜனங்கள் போய் முறையிட்டதும் பார்வோன் என்ன சொன்னான் தெரியுமா? "நீங்கள் சோம்பலாயிருக்கிறீர்கள்." கணக்குக் கேட்கிறவனுக்கு அன்றிலிருந்து இன்று வரை கிடைக்கிற பட்டம் அதுதான். ஆண்டவர் அப்படிச் சொல்லவில்லை. ஆளோட்டிகளினிமித்தம் அவர்கள் இடுகிற கூக்குரலைக் கேட்டேன் என்று இரண்டு அதிகாரத்துக்கு முன்னாலேயே மோசேயிடம் சொல்லிவிட்டார்.

சரி, வனாந்தரத்துக்கு வருவோம். தண்ணீர் இல்லை என்று கத்தினார்கள், தண்ணீர் கொடுத்தார். பசிக்கிறது என்றார்கள், மன்னா கொடுத்தார். அவர் மிகவும் கடுமையாகக் கோபப்பட்ட ஓர் இடம் எண்ணாகமம் 14இல் இருக்கிறது. "நமக்கு ஒரு தலைவனை ஏற்படுத்திக்கொண்டு எகிப்துக்கே திரும்பிப் போவோம்" என்றார்களே, அங்கேதான். அடிமையாக இருந்த காலமே மேல் என்று சொன்னதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. நம் லயத்து வரிசை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து "வெள்ளைக்கார துரை காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது" என்று பேசுகிற தாத்தாமாரைத்தான் முறுமுறுப்பவர்கள் என்று சொல்ல வேண்டுமே தவிர, பிரட்டுக்களத்தில் உட்கார்ந்த உங்களை இல்லை. (தாத்தாமார் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் கதைகள் எனக்குப் பிடிக்கும்.)

அப்புறம் இந்த "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" பேச்சு. ஒஃபிஸில் இருந்தும் வரும், சில நேரம் கோயில் பிரசங்க பீடத்தில் இருந்தும் வரும். நினைக்கத்தான் வேண்டும், ஆனால் யார் யாருக்கு உப்புப் போட்டது? இந்தத் தேயிலையை வைத்துத்தான் இந்த நாடு ஒன்றரை நூற்றாண்டாக வெளிநாட்டுக் காசு பார்த்திருக்கிறது. 1948இல் அந்தத் தேயிலையைப் பறித்தவர்களின் பிரஜாவுரிமையைத்தான் முதலில் பறித்தார்கள். இதில் நன்றி கெட்டவர் யார் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். சம்பளம் வேறு, தருமம் வேறு. கிறிஸ்மஸுக்குத் துரை ஒரு கேக் அனுப்பினால் அதற்கு நன்றி சொல்லுங்கள், வாய் நிறையச் சொல்லுங்கள். நாள் சம்பளம் உங்கள் வியர்வைக்கான விலை. உங்கள் சம்பளத்தில் எட்டு வீதம் பிடித்து, அவர்கள் பன்னிரண்டு வீதம் போட்டு சேமலாப நிதிக்குக் கட்ட வேண்டும் என்பது சட்டம், யாருடைய நல்ல மனசும் அதில் இல்லை. யாக்கோபு 5:4ஐ உங்கள் போதகர் எந்த ஞாயிறில் பிரசங்கிப்பார் என்று கேட்டுப் பாருங்கள். அநியாயமாய்ப் பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று அங்கே இருக்கிறது. கூலிக்காரன் வாயை மூடிக்கொண்டாலும் கூலி மூடாதாம்.

போதகரைத் திட்டி எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மலைநாட்டுத் திருச்சபைக்கே இந்தச் சங்கடம் பழையது. 1854இல், தோட்டத் தமிழர் நடுவே ஊழியம் செய்யத் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது தோட்டத் துரைமாரின் ஆதரவும் அதற்குப் பின்னால் இருந்தது. யார் காசில் கோயில் கட்டினோமோ அவர்களைப் பற்றிப் பேசுவது லேசான காரியம் இல்லை. ஆனாலும் பேசியவர்கள் உண்டு. கண்டியில் 1972இல் சத்தியோதயம் என்ற சமூக ஆய்வு நிலையத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் தோட்ட மக்களின் உரிமைக்காகக் கடைசி வரை பேசினார், எழுதினார். 2023இல், நம் முன்னோர் இந்தியாவில் இருந்து வந்து இருநூறு வருஷம் ஆனதை நினைத்துத் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அந்த நடையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வழியில் செத்துப்போன பாட்டன் பூட்டன்மாரை நினைத்து நன்றி சொல்லிக்கொண்டே, காணியும் வீடும் சமமான பிரஜை என்ற மதிப்பும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே நடந்தார்கள். இரண்டையும் ஒரே வாய்தான் சொன்னது.

போதகரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள், கோபமாக வேண்டாம். அவருடைய சம்பளம் பிந்தினால் அவரும் மேலிடத்துக்குக் கடிதம் எழுதத்தான் செய்வார், அதை யாரும் முறுமுறுப்பு என்று சொல்வதில்லை என்பதை மெதுவாக ஞாபகப்படுத்துங்கள். ஆண்டவருக்கு நன்றி சொல்கிறதை மட்டும் விட்டுவிடாதீர்கள், தங்கச்சி. உயிரும் பிள்ளைகளும் பெலனும் அவர் கொடுத்தது என்று தெரிந்த பொம்பிளை, அதையெல்லாம் தோட்டம் கொடுத்ததாக நினைத்துக் குனிய மாட்டாள்.

கேள்வி: நான் மழையிலும் நின்று பத்தொன்பது கிலோ எடுத்தேன், எனக்கும் ஒரு பேர். பக்கத்துக் காம்பராக்காரி பன்னிரண்டு கிலோதான் எடுத்தாள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பிந்தி வந்தவள், அவளுக்கும் கங்காணி முழுப்பேர் போட்டுவிட்டார். இது நியாயமா மாஸ்டர்? கேட்டால் எனக்குப் பொறாமையாம்.
– பெயர் வேண்டாம், மஸ்கெலியா

பதில்: பொறாமை என்று நான் சொல்ல மாட்டேன் அக்கா. முதுகு நனைய நின்றவருக்கு வயிறு எரியத்தான் செய்யும். முதலில் ஒரு கணக்கைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அவள் பேரில் ஏறிய மிச்ச ஆறு கிலோ எங்கே இருந்து வந்தது? உங்களிடமோ வேறு யாரிடமோ நிறுவையில் வெட்டி அவளுக்குப் போட்டிருந்தால் அது களவு, இரக்கம் என்று பெயர் வைக்க முடியாது. அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அப்படி இல்லாமல், அவள் நிலைமையைப் பார்த்துத் தோட்டம் முழுப்பேர் கொடுத்திருந்தால், உங்கள் செக்ரோலில் (சம்பளப் பேரேட்டில்) ஒரு சதமும் குறையவில்லை.

மத்தேயு 20இல் இயேசு சொன்ன திராட்சத் தோட்டக் கதை கொழுந்து நிறுக்கிற உங்கள் மடுவத்தில் நடந்த கதையேதான். விடியற்காலையில் வந்தவனுக்கு ஒரு பணம், காலை ஒன்பது மணிக்கு வந்தவனுக்கும் ஒரு பணம், சாயந்தரம் ஐந்து மணிக்கு, வேலை முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது வந்தவனுக்கும் அதே ஒரு பணம். காலையில் வந்தவன் உங்களைப் போலவே கேட்டான், பகல் முழுக்க வெயிலைச் சுமந்த எங்களை இவர்களோடு சமமாக்கினீரே என்று. இந்த உவமையை நிர்வாகத்துப் பக்கம் இருக்கிறவர்களுக்குச் சொல்லப் பிடிக்கும், "என்னுடையதை என் இஷ்டப்படி செய்ய எனக்கு அதிகாரம் இல்லையா" என்று எஜமான் கேட்கிறான் அல்லவா, அந்த ஒரு வரிக்காக. அவர்கள் தாண்டிப் போகிற விஷயம், அந்த எஜமான் யாருக்கும் பேசினதில் குறைக்கவில்லை. பேசியதைக் கொடுத்துவிட்டு, அதற்கு மேலே கொடுக்கத்தான் தன் அதிகாரத்தைப் பயன்படுத்தினான். குறைத்துக் கொடுக்கிறவன் அந்த வசனத்தைத் தொடவே கூடாது.

பிந்தி வந்தவர்களிடம் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டபோது, ஒருவரும் எங்களை வேலைக்கு வைக்கவில்லை என்றார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கும் ராத்திரிக்கு ஒரு முழு ரொட்டி வேண்டும். அரைப்பேர் போட்டால் பிள்ளை அரைப் பசியோடு நிற்குமா?

அடுத்த மாதம் உங்கள் வீட்டில் ஒரு காய்ச்சல் வந்தால் உங்களுக்கும் இப்படி முழுப்பேர் போட வேண்டும் என்று இப்போதே போய்க் கேட்டு வையுங்கள். கங்காணிக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் கிடைக்கிற இரக்கமாக இருந்தால் அதுவும் அநியாயம்தான்.

கேள்வி: நான் தோட்டத்தில் வெளிக்கள வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவன். கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கழிக்கிறோம். எனக்கு மேலே இருக்கிறவர், மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே அளவாகக் கழிக்கச் சொல்கிறார். வேலையை விடவும் முடியாது, வீட்டில் நான் ஒருவன்தான் உழைக்கிறேன். என்ன செய்ய?
– ஒரு தம்பி, கந்தப்பளை

பதில்: கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்று நீதிமொழிகள் 11 தொடங்குகிறது, அது உனக்கு மனப்பாடமாக இருக்கும், அதனால்தான் எழுதியிருக்கிறாய். வேலையை விடு என்று நான் சொல்லப் போவதில்லை. யோவான் ஸ்நானகனிடம் ஆயக்காரர்கள், அதாவது வரி வாங்குகிறவர்கள் வந்து, போதகரே நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று இதையேதான் கேட்டார்கள். ஆயத்துறையை விட்டு ஓடுங்கள் என்று அவர் சொல்லவில்லை, கட்டளையிட்டதற்கு மேலே ஒன்றும் வாங்காதீர்கள் என்றார்.

செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். சாக்கைக் கொளுவியில் மாட்டும்போது உன் உடம்பு தராசை மறைக்காமல் ஒரு பக்கமாக நில். அந்த அக்காவுக்கு எண் தெரியட்டும். எண்ணைச் சத்தமாக வாசி. அதில் எவ்வளவு கழித்தாய் என்பதையும் சத்தமாகச் சொல்லி அவளுடைய அட்டையில் தனியாக எழுது. மொத்தத்தையும் கழிவையும் சேர்த்துக் குழப்பி ஒரே எண்ணாக எழுதுகிற இடத்தில்தான் களவு ஒளிந்துகொள்ளும். வெயில் காய்கிற நாளில் "ஈரம் இரண்டு கிலோ" என்று உன் வாயால் நாற்பது பேருக்கு முன்னால் சொல்ல உனக்கே கூச்சம் வரும், உனக்கு மேலே இருக்கிறவருக்கும் அந்தக் கூச்சம் வரும். கையெழுத்தோடு எழுதித் தரச் சொல்லி அவரிடம் மரியாதையாகக் கேள், "எந்த அளவு கழிக்க வேண்டும் சேர், எழுதித் தந்தால் அப்படியே செய்கிறேன்." பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள்.

இதனால் உனக்குக் கொஞ்சம் இடைஞ்சல் வரலாம். வராது என்று பொய் சொல்ல மாட்டேன்.

கேள்வி: டித்வா புயல் நேரம் எங்கள் லயத்துக்கு மேலே இருந்த மண் எங்கள் பக்கம் வராமல் அந்தப் பக்கம் இறங்கியது. கீழ் லயத்தில் ஒரு குடும்பத்தில் ஒரு பையன் மட்டும்தான் மிச்சம். நாங்கள் தப்பியதற்குச் சபையில் சாட்சி சொல்லச் சொல்கிறார்கள். அந்தப் பையன் பின் வாங்கில் இருக்கிறான். அவனை வைத்துக்கொண்டு "கர்த்தர் எங்களைக் காப்பாற்றினார்" என்று எப்படிச் சொல்வேன்? சொல்லாவிட்டால் நன்றி மறந்தவன் ஆகிவிடுவேனா?
– ஒரு சகோதரர், பதுளைப் பக்கம்

பதில்: தம்பி, அந்தப் பையன் பின் வாங்கில் இருக்கிறான் என்பதைக் கவனித்தீர்களே, அதுவே போதும், நீங்கள் எதையும் மறந்தவர் இல்லை.

சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். அவர்கள் எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்று உங்களுக்குச் சொல்கிறேன் என்றார் இயேசு. லூக்கா 13. மண்ணுக்குள் போனவனுக்கும் தப்பியவனுக்கும் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் பிரியமானவன், அந்தப் பக்கம் தள்ளப்பட்டவன் என்று பிரிக்கிற கணக்கை அவரே கிழித்துப் போட்டுவிட்டார். நம் சாட்சிக் கூட்டங்களில் அதை ஒட்டிவைத்து மறுபடியும் வாசிக்கிறோம். 91ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொண்டு, உன் பக்கத்தில் ஆயிரம்பேர் விழுந்தாலும் அது உன்னை அணுகாது என்று மைக்கில் முழங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஒன்று ஞாபகம் வரும். அந்தச் சங்கீதத்தைச் சுவிசேஷத்தில் இயேசுவிடம் எடுத்துச் சொன்னவன் பிசாசுதான், அதுவும் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்திவைத்து. சங்கீதம் நல்ல சங்கீதம். அதை யார், யாருக்கு முன்னால், எதற்காகச் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும்.

நீங்கள் நன்றி சொல்ல வேண்டிய இடம் உங்கள் வீடு. மனைவி பிள்ளைகளோடு முழங்கால் போட்டு அழுது சொல்லுங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை. சபையில் எழுந்தே ஆக வேண்டும் என்றால் முதலில் செத்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், அப்புறம் "நாங்கள் இருக்கிறோம், ஏன் என்று எங்களுக்குத் தெரியாது, இருக்கிற நாளில் இந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டியது எங்கள் கடமை" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். அதற்கும் முதல் அந்தப் பையனிடம் போய், உன் ஆட்களின் பெயரைச் சொல்லட்டுமா என்று கேளுங்கள். அவன் வேண்டாம் என்றால் வேண்டாம்.

இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது, அதையும் யாராவது சபையில் பேச வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதே, அது ஆபத்தான இடம் என்று முன்னரே எச்சரித்திருந்த இடம்தான். பதினோரு வருஷம் கழித்து, 2025 நவம்பர் கடைசியில் டித்வா வந்தபோதும் பதுளை, நுவரெலியா, கண்டி என்று மலைதான் அதிகம் அடி வாங்கியது. மழையைக் கொடுத்தது ஆண்டவர் என்று சொல்லலாம். அந்தச் சரிவுக்குக் கீழே லயம் கட்டியது ஆண்டவர் இல்லை. பரம்பரை பரம்பரையாக இருந்தும் சொந்தமாக ஒரு துண்டுக் காணி இல்லாததால், எழும்பிப் போ என்றாலும் போக இடம் இல்லாமல் அங்கேயே கிடந்தோம். தப்பியதற்கு நன்றி சொல்கிறவர்கள் அந்தக் காணிக்காகவும் மனுவில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஐப்பசி மழைக்கு யார் சாட்சி சொல்வது, யாருக்குக் குழி வெட்டுவது என்று பார்த்துக்கொண்டு இருப்போம்.

கேள்வி: எங்கள் சபை அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு கட்டு லீக்ஸ் ஐயாயிரம் ரூபாவுக்குப் போகிறது, எடுத்தவர் பெயரை மைக்கில் மூன்று தரம் சொல்கிறார்கள். ஒரு வயதான அம்மா கொண்டுவந்த நாலு முட்டையை ஏலம் கூறுகிறவர் பகிடி பண்ணி நூறு ரூபாவுக்குத் தள்ளிவிட்டார். எனக்கு மனம் சரியில்லை.
– ஒரு வாசகி, நானுஓயா

பதில்: எனக்கும் வாசித்ததும் சரியில்லாமல்தான் போய்விட்டது. ஏலமே கூடாது என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. கரட்டும் கோவாவும் பீற்றூட்டும் பீடத்துக்கு முன்னால் குவிந்து கிடக்க, லயத்துப் பிள்ளைகள் கொய்யாப்பழத்துக்குக் காசு சேர்த்து ஏலம் கேட்கிற சந்தோஷம் வேறு எங்கே கிடைக்கும்? ஆனால் அந்த முட்டை அம்மா விஷயம் மாற்கு 12தான். காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவையை எல்லாருக்கும் தெரியும், அவளைப் போலக் கொடுங்கள் என்று ஸ்தோத்திரப் பண்டிகைக்குத் தவறாமல் பிரசங்கம் வரும். அந்தப் பகுதிக்கு நேர் முன்னால் இருக்கிற வசனத்தை மட்டும் ஏனோ விட்டுவிடுவார்கள். விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுகிற வேதபாரகரைப் பற்றி இயேசு அங்கே எச்சரிக்கிறார். அதைச் சொல்லிவிட்டுத்தான் பெட்டிக்கு எதிரே போய் உட்கார்ந்தார். அவளைப் பாராட்டினார், சரி. அவளிடம் இருந்ததையெல்லாம் வாங்கிக்கொண்ட ஆலயத்தைப் பாராட்டினார் என்று எங்கேயும் இல்லை.

கமிட்டியில் சொல்லிப் பாருங்கள், எடுத்தவர் பெயரைக் கூப்பிடாமல் பொருளின் பெயரை மட்டும் கூப்பிடட்டும். ஐயாயிரம் ரூபா லீக்ஸ் ஆயிரத்துக்கு இறங்கினால் யார் ஆண்டவருக்காகக் கேட்டார், யார் மைக்குக்காகக் கேட்டார் என்று கமிட்டிக்கும் தெரிந்துவிடும். அடுத்த வருஷம் அந்த அம்மாவின் முட்டையை நீங்கள் ஏலம் கேளுங்கள், நல்ல விலைக்கு.

கேள்வி: எங்கள் லயத்தில் கிறிஸ்தவக் குடும்பம் நாங்கள் ஒன்றுதான். கோவில் திருவிழாவுக்கு எல்லார் சம்பளத்திலும் காசு பிடிக்கிறார்கள். கொடுத்தால் பாவமா?
– வட்டவளை வாசகர்

பதில்: உங்கள் அப்பா செத்தபோது பந்தல் போட்டது யார், குழி வெட்டியது யார், ராத்திரி முழுக்கத் தேத்தண்ணி ஊற்றியது யார் என்று முதலில் யோசியுங்கள்.

சீரியப் படைத்தலைவன் நாகமான் குணமாகி இஸ்ரவேலின் தேவனை ஏற்றுக்கொண்ட பிறகு, என் ராஜா ரிம்மோன் கோவிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு குனிவான், நானும் குனிய வேண்டி வரும், மன்னிப்பாரா என்று கேட்டான். எலிசா அவனுக்கு ஒரு சட்டப் புத்தகத்தைத் திறக்கவில்லை, சமாதானத்தோடே போ என்றார். 1697இல் கண்டியில் அம்மை பரவி, நோயாளிகளை விட்டுவிட்டுச் சனம் ஓடியபோது யோசப் வாஸ் அடிகளார் தெருத்தெருவாகப் போய்ப் பார்த்தார். நீ எந்த மதம் என்று கேட்டுக் கேட்டுப் புண்ணைக் கழுவவில்லை. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து அவரைப் புனிதராக அறிவித்தபோது மற்ற மதத்தவர்களும் சந்தோஷப்பட்டதற்குக் காரணம் அதுதான்.

மனச்சாட்சி உறுத்தினால் கோவில் தலைவரிடம் போய், என் காசை அன்னதானத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணே என்று சொல்லுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். கேட்காமல் சம்பளத்தில் பிடிப்பது சரியா என்பது வேறு விஷயம். எதற்காக இருந்தாலும், நம் கோயிலுக்காக இருந்தாலும், கையெழுத்து வாங்காமல் பிடிக்கக் கூடாது.

கேள்வி: அக்காவின் மகனைப் படிக்க வைத்து, கொழும்பில் வேலையும் எடுத்துக் கொடுத்தேன். இப்போது போன் எடுத்தாலும் பேசுவதில்லை. இனி யாருக்கும் உதவக் கூடாது என்று முடிவு பண்ணிவிட்டேன்.
– ராகலை வாசகர்

பதில்: பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன்தான் திரும்பி வந்தான், அதுவும் சமாரியன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசுவும் கேட்டார், ஆகவே உங்களுக்கு வலிப்பதில் தப்பில்லை. ஆனால் அந்த ஒன்பது பேருக்கும் குஷ்டம் திரும்பி வந்தது என்று எழுதியில்லை. கொடுத்தது கொடுத்ததுதான். மாப்பிள்ளை புதிய இடத்தில் லயத்துப் பையன் என்று தெரிந்துவிடுமோ என்ற கூச்சத்தில் ஒளிகிறானோ என்னவோ, அப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். போனை விட்டுவிட்டு ஒரு நாள் ரயிலேறிப் போய்ப் பாருங்கள்.

கேள்வி: நான் ஒன்பதாம் ஆண்டு படிக்கிறேன். இன்டர்வலுக்குச் சாப்பிட முதல் கண்ணை மூடி ஜெபம் பண்ணினால் கூட்டாளிமார் சிரிக்கிறார்கள். கண்ணைத் திறந்துகொண்டு ஜெபிக்கலாமா மாஸ்டர்?
– மாணவன், தலவாக்கலை

பதில்: தாராளமாக. ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்தபோது இயேசு வானத்தை அண்ணாந்து பார்த்துத்தான் ஆசீர்வதித்தார், கண்ணை மூடினார் என்று இல்லை. அதோடு, வகுப்பில் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக ஜெபித்தால் ரொட்டி இருக்கும், சம்பலுக்கு நான் பொறுப்பில்லை.